18446744073709551615: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

இந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 18446744073709551615. திரையிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டாம், கையால் எழுதுங்கள். எழுதி முடித்ததும் இலக்கங்களை எண்ணுங்கள். இருபது வர வேண்டும். பத்தொன்பது வந்தால் இரண்டு 44-களில் ஏதோ ஒன்றில் ஒரு 4-ஐ விழுங்கியிருப்பீர்கள். பெரிய எண்களோடு பழகத் தொடங்குபவருக்கு முதலில் வரும் தொல்லை இந்தக் கவனப் பிசகுதான். கணிதம் அதற்குப் பிறகுதான் தொல்லை கொடுக்கும்.

ஒரு முழு எண் கையில் கிடைத்தால் அதைப் பற்றி எதையெல்லாம் கேட்கலாம், எந்த வரிசையில் கேட்கலாம், எதைத் தாளும் பேனாவும் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்பதை இங்கே படிப்படியாகச் செய்து பார்க்கலாம். பள்ளிக் கணக்கு ஓரளவு நினைவிருந்தால் போதும். நீள் வகுத்தல் மறந்துபோயிருந்தால் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். ஏழெட்டு இடங்களில் தேவைப்படும். எனக்கு இந்த எண்ணின் மேல் தனிப் பிரியம் உண்டு. இருபது இலக்க எண்களில் பெரும்பாலானவற்றைக் கையால் முழுவதுமாகப் பிரிப்பது நடக்கிற காரியமல்ல. இது மட்டும் ஒரு மாலைப் பொழுதுக்குள் தன் கதவுகளையெல்லாம் திறந்துவிடும்.

முதலில் வாயால் சொல்லுங்கள்

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615 என்று வரும். பார்க்க அழகாக இருக்கிறது, படிக்க உதவாது. கோடி என்பது ஒன்றுக்குப் பின் ஏழு சுழியம். ஆகவே வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கங்களாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. இப்போது நாக்குக்கு வசப்பட்டுவிடும். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. சத்தமாகச் சொன்னால் வீட்டில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணோடு முதன்முதலில் விளையாடியபோது நான் அதை ஒரு விரிதாளில் (எக்செல் போன்ற செயலியில்) தட்டச்சு செய்துவைத்தேன். அரை மணி நேரம் கழித்து, அது ஒரு லட்சத்தால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று கண்டுபிடித்து மகிழ்ந்தேன். 5-இல் முடிகிற எண் எப்படி லட்சத்தால் வகுபடும் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. கட்டத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே 18446744073709500000 இருந்தது. விரிதாள்கள் பொதுவாகப் பதினைந்து இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிடும். அறிவியல் கைக்கணிப்பான்களும் முதல் எட்டுப் பத்து இலக்கங்களைக் காட்டி, பக்கத்தில் 10¹⁹ என்று போட்டு முடித்துக்கொள்ளும். கணினியில் சரிபார்க்க விரும்பினால் பைத்தான் போல, முழு எண்ணின் நீளத்துக்கு வரம்பு வைக்காத மொழியில் செய்யுங்கள். கீழே உள்ள கணக்குகளுக்கு அதுவும் தேவையில்லை.

சின்ன எண்களால் தட்டிப் பாருங்கள்

தேங்காய் வாங்குகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பார் அல்லவா, அதுபோல எந்தப் பெரிய எண்ணையும் முதலில் சின்னப் பகா எண்களால் தட்டிப் பார்க்க வேண்டும். கடைசி இலக்கம் 5. எனவே ஒற்றைப்படை எண், 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 15, எனவே 25-ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 87. இது 3-ஆல் வகுபடுகிறது, 9-ஆல் வகுபடவில்லை, எண்ணும் அப்படியே.

7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனியாக விதிகள் உண்டு. பாடப் புத்தகங்களில் 11-க்கான விதி மட்டும் வரும், 7-க்கானது பெரும்பாலும் வராது. மூன்றையும் ஒரே அடியில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு என்பதால், எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, வலக் கோடியிலிருந்து கூட்டல், கழித்தல் என்று மாறி மாறிப் போட்டால் போதும். கவனியுங்கள், இங்கே லட்சம் கோடி வெட்டு உதவாது, மூன்று மூன்றாகத்தான் வெட்ட வேண்டும்: 18 | 446 | 744 | 073 | 709 | 551 | 615.

615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016.

இந்த 1016-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. இருபது இலக்க எண்ணை வகுத்தாலும் இதே மீதிகள்தான் வரும். ஆகவே மூன்றும் காரணிகள் அல்ல. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இடப்பக்கத்திலிருந்து கூட்டலைத் தொடங்குவது. கட்டங்கள் ஏழு என்பதால் இந்த எண்ணுக்கு அது தற்செயலாகச் சரியாக வந்துவிடும். இரட்டைப்படைக் கட்டங்கள் உள்ள எண்ணில் குறி தலைகீழாகி, மீதி தப்பாகிவிடும்.

பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்

இதுவரை 3, 5 என்று இரண்டு காரணிகள் கிடைத்திருக்கின்றன. பலரும் இந்த இடத்தில் 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போவார்கள். உழைப்பு பாராட்டத்தக்கது, ஆனால் இந்த எண்ணின் வர்க்க மூலம் ஏறத்தாழ 429 கோடி. எங்கே போய் நிற்பது?

என் அனுபவத்தில், ஒரு பெரிய எண்ணின் குணம் அதன் இலக்கங்களில் இருப்பதில்லை. அது எப்படிப் பிறந்தது என்பதில் இருக்கிறது. பிறப்பைத் தெரிந்துகொள்ள, பெண் பார்க்கப் போகிறவர்கள் செய்வதுபோல அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள், ஒன்றைக் கழியுங்கள், அந்த அண்டை எண்களைப் பாருங்கள்.

ஒன்று கூட்டினால் 18446744073709551616. இரட்டைப்படை. பாதியாக்கினால் 9223372036854775808. மறுபடி பாதி 4611686018427387904. மறுபடியும் இரட்டைப்படை. சலிக்காமல் பாதியாக்கிக்கொண்டே போனால் 64-ஆவது தடவை 1 வந்து நிற்கும். அதாவது பக்கத்து எண் 2⁶⁴. நம் எண் 2⁶⁴ − 1.

இப்போது பலருக்குப் புரிந்திருக்கும். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையின் விடை இது. சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா இந்திய மன்னனிடம் கேட்ட பரிசாக இக்கதையை 13-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கும் இரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய அறிஞரான அல்-பிரூனி இருபது இலக்கத்தையும் பிசகில்லாமல் கணக்கிட்டிருக்கிறார். கேரளத்தில் இதே கதையில் மன்னனோடு ஆட வருபவர் கண்ணன். அம்பலப்புழை கோயிலின் பால்பாயசத்துக்குப் பின்னே அந்தக் கதைதான் சொல்லப்படுகிறது.

64 கட்டங்களின் கூட்டுத்தொகை ஏன் 2⁶⁴ − 1 என்று கேட்டால், சூத்திரம் தேட வேண்டாம். முதல் கட்டத்தில் இருக்கும் ஒரு தானியத்தின் பக்கத்தில் இன்னொரு தானியத்தை இரவல் வாங்கி வையுங்கள். 2 ஆகிவிட்டது. இரண்டாம் கட்டத்தின் 2-ஐச் சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்தின் 4-ஐச் சேர்த்தால் 8. இப்படியே 64-ஆம் கட்டம் தாண்டும்போது 2⁶⁴. இரவல் தானியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு உறைக்க வேண்டுமானால், ஒரு கிராமுக்கு 40 அரிசி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். சுமார் 46,116 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன் என்றால் தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார்ட் லூக்கா 1883-இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் (ஒரு கம்பியில் அடுக்கிய வட்டுகளை, பெரியதைச் சின்னதன் மேல் வைக்காமல், ஒவ்வொன்றாக இன்னொரு கம்பிக்கு மாற்ற வேண்டும்) 64 வட்டுகளை இடம் மாற்றத் தேவைப்படும் குறைந்தபட்ச நகர்த்தல்களும் இதே எண்தான். நொடிக்கு ஒன்று என்று நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

உடைத்தல்

பிறப்பு தெரிந்துவிட்டதால் இனி உடைப்பது எளிது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால், மூலங்களின் கூட்டுத்தொகையை மூலங்களின் வித்தியாசத்தால் பெருக்கியது. 10² − 3² = 13 × 7. நம் எண்ணில் 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1).

வலப்பக்க அடைப்புக்குள் இருப்பதும் அதே வடிவம். அதையும் உடைக்கலாம், அதற்குள் இருப்பதையும் உடைக்கலாம். வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே போனால் கடைசியில் இது கிடைக்கும்:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

அதாவது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இடமிருந்து பெருக்கிப் பாருங்கள்: 3, 15, 255, 65535, 4294967295, கடைசியில் நம் எண். கணினியோடு புழங்குகிறவர்களுக்கு 255, 65535 இரண்டும் பழகிய முகங்கள்.

இனி ஒவ்வொன்றும் பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். 3, 5, 17 பற்றிச் சந்தேகமில்லை. 257-இன் வர்க்க மூலம் 16-ஐச் சற்றே தாண்டுகிறது. 2, 3, 5, 7, 11, 13 எதுவும் அதை வகுக்கவில்லை, எனவே பகா எண். மிச்சம் இரண்டு. இங்கேதான் சுவையான பகுதி தொடங்குகிறது.

4294967297

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் டி ஃபெர்மா 1640-இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், 2 + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களே. ஆறாவதைச் சரிபார்ப்பதற்குப் பத்து இலக்க எண்ணை வகுத்துக்கொண்டிருக்க வேண்டும். 1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக், ஃபெர்மாவின் இந்தக் கூற்றை அறிவீர்களா என்று லியோனார்ட் ஆய்லருக்கு எழுதினார். (1729 என்றதும் நமக்கு ராமானுஜனின் டாக்சி நினைவுக்கு வரும். தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு புன்னகை.) மூன்றே ஆண்டுகளில், 1732-இல், 25 வயது ஆய்லர் விடை சொல்லிவிட்டார்: 4294967297 பகா எண் அல்ல, 641 அதை வகுக்கிறது.

641-ஐ எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போனால் 641 என்பது 116-ஆவது பகா எண். அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. இப்படி யோசியுங்கள். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்றால், அதற்கு 2³² என்பது ‘ஒன்று குறை’, அதாவது மீதி −1. வர்க்கம் எடுத்தால் 2⁶⁴-இன் மீதி +1. ஆக 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும்போது மீதிகள் 64 அடிக்கு ஒருமுறை 1-க்குத் திரும்புகின்றன. 32-ஆம் அடியில் −1 இருப்பதால் அதற்கு முன்பே திரும்பியிருக்க முடியாது. ஃபெர்மாவே தந்த இன்னொரு தேற்றத்தின்படி இந்தச் சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை வகுக்க வேண்டும். எனவே அந்தப் பகா எண் 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதைப் பின்னாளில் ஆய்லரே நிறுவினார். லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் இன்னும் இறுக்கி, 64 அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று என்று காட்டினார்.

வரிசையாக எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் 129, 385, 513 மூன்றும் பகு எண்கள், தூக்கிப் போடுங்கள். 257-க்கு 2⁸-இன் மீதி −1, எனவே 2³²-இன் மீதி +1, ஒன்று கூட்டினால் 2. வகுபடவில்லை. அடுத்ததே 641. நூற்றுக்கணக்கான வகுத்தல் இரண்டாகச் சுருங்கிவிட்டது!

சரிபார்ப்பு இரண்டு வரி. 2¹⁶ = 65536; 641-ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. இதை வர்க்கப்படுத்தினால் 23716. 641-ஆல் வகுத்தால் ஈவு 36, மீதி 640. 640 என்றால் −1. ஆகவே 2³² + 1 வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதாமல் முடித்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். வகுக்கும் முன் மீதியை எடுத்துக்கொண்டு, அந்தச் சின்ன எண்ணையே மேலும் மேலும் வர்க்கப்படுத்துவதுதான் பெரிய எண்களைக் கையாளும் எல்லா வித்தைகளுக்கும் அடிப்படை.

நீள் வகுத்தல் செய்தால் 4294967297 = 641 × 6700417. இந்த 6700417 பகா எண்ணா? அதன் வர்க்க மூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். அதே விதிப்படி, 128-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் 2588-க்குள் இருக்கும் பகா எண்களைத்தான் பார்க்க வேண்டும். அவை ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. ஐந்து வகுத்தலையும் நீங்களே போட்டுப் பாருங்கள். மீதி முறையே 170, 44, 120, 334, 622 வர வேண்டும். எதுவும் சுழியம் இல்லை, எனவே பகா எண்.

65537 இன்னும் சுலபம். அது 2¹⁶ + 1; அடுக்கு 32-இலிருந்து பாதியாவதால் 128-உம் பாதியாகி, அதன் காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும், வர்க்க மூலமோ 256. பட்டியல் 65, 129, 193. முதல் இரண்டும் பகு எண்கள். 193-ஆல் வகுத்தால் ஈவு 339, மீதி 110. ஒரே வகுத்தலில் ஐந்திலக்க எண் ஒன்று பகா எண் என்று தீர்ப்பாகிவிட்டது. இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சிலிர்ப்பு வரும்.

ஆக முழு விவரம்: 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

அறுவடை

ஏழு பகா காரணிகள், எதுவும் இருமுறை வரவில்லை. இது தெரிந்துவிட்டால் மற்றக் கேள்விகள் பல நொடியில் தீரும். இந்த எண்ணை வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஏழு பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் வரலாம், வராமலும் போகலாம். வாய்ப்புகள் 2⁷ = 128. யாருமே வராதது 1 என்ற வகுத்தி, எல்லாரும் வந்தது எண்ணேதான்.

128 வகுத்திகளை 64 சோடிகளாக்கலாம், சோடிக்கு ஒரு விதமாக இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். சோடியில் உள்ளவற்றைக் கூட்டிப் பாதியாக்கினால் ஒரு மூலம், கழித்துப் பாதியாக்கினால் மற்றது. 128 வகுத்திகளையும் கூட்டினால் எண்ணைப் போல் சுமார் 1.703 மடங்கு வரும். 6, 28 போன்ற நிறைவெண்களுக்கு இது சரியாக 2 மடங்கு. நம்முடையது குறை எண்.

வடிவியலுக்கும் ஒரு கிளை போகிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று 1796-இல், 19 வயது நிரம்புவதற்குள், காஸ் காட்டினார். ஃபெர்மா வரிசையில் வரும் வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கி வரும் பக்க எண்ணிக்கை எதற்கும் இது பொருந்தும். வேறு எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் பொருந்தாது என்பதை 1837-இல் வான்ட்செல் முடித்துவைத்தார். நம் எண்ணின் காரணிகளில் 3, 5, 17, 257, 65537 என்ற ஐவரைக் கொண்டு அமையும் 32 பெருக்கல்களில் 1-ஐ விட்டால் 31. ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரைய முடியும் என்று இன்று தெரிந்த பலகோணங்கள் இந்த 31 மட்டுமே. ஆறாவது ஃபெர்மா பகா எண் இதுவரை கிடைக்கவில்லை.

இதையே வேறொரு வாசல் வழியாகவும் அடையலாம். நம் பழைய மேரு பிரஸ்தாரத்தை, பள்ளியில் பாஸ்கல் முக்கோணம் என்று படித்ததை, வரைந்துகொள்ளுங்கள். ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1, இரட்டைப்படை உள்ள இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படியுங்கள்: 1, 11, 101, 1111, 10001, 110011... அதாவது 1, 3, 5, 15, 17, 51. எல்லாம் ஃபெர்மா எண்களின் பெருக்கல்கள். முதல் 32 வரிசைகள் மேலே சொன்ன 32 எண்களையே ஏறுவரிசையில் தருகின்றன. 64-ஆவது வரிசையில் ஒரு சுழியம்கூட இல்லாமல் 64 ஒன்றுகள் நிற்கும். அது நம் எண். ஒரு பெரிய வரைதாளில் முதல் 16 வரிசைகளையாவது வரைந்து பாருங்கள். விளக்கிச் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல்.

இரும முறையில் 64 ஒன்றுகள் என்பதால்தான் 64 பிட் (இரும இலக்க) கணினியில் குறியில்லாத முழு எண்ணின் உச்சவரம்பும் இதுவாக இருக்கிறது. அதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999-க்குப் பிறகு புரள்வதுபோல, எல்லாம் சுழியமாகிவிடும்.

எத்தனை வர்க்கங்கள் வேண்டும்?

1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இருவிதமாக எழுதலாம் என்பது நமக்குத் தெரியும். நம் எண்ணை வர்க்கங்களின் கூட்டலாக எழுதப் பார்ப்போம். கடைசி மூன்று பிட்டுகள் 111, ஆகவே 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 0, 1, 4 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். இந்த மூன்றிலிருந்து இரண்டை எடுத்தோ, மூன்றை எடுத்தோ கூட்டி, 8-ஆல் வகுத்து மீதி 7 வரவழைக்க முடியுமா? முயன்று பாருங்கள், முடியாது. ஆகவே இரண்டு வர்க்கங்களாலும் மூன்று வர்க்கங்களாலும் இந்த எண்ணைக் கட்ட முடியாது. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770-இல் லக்ராஞ்ச் நிறுவிவிட்டார். எனவே நம் எண்ணுக்குச் சரியாக நான்கு தேவை. இருபது இலக்கத்தைத் தொடாமல், கடைசி மூன்று பிட்டுகளைப் பார்த்தே இவ்வளவும் சொல்ல முடிகிறது.

எதை விட்டுவிடலாம்

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, அதையும் கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6 என்று சிலர் ஆராய்வார்கள். இந்த எண்ணில் 2 என்ற இலக்கமே இல்லை என்பதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். இரண்டுகளை மட்டுமே பெருக்கிப் பிறந்த எண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரனிடம் 2 இல்லாதது வேடிக்கைதான். ஆனால் இவையெல்லாம் நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்தவை. எட்டு விரல் இருந்திருந்தால் இலக்கங்களே வேறாகியிருக்கும். காரணிகளும் வகுத்திகளும் வர்க்கங்களும் அப்போதும் மாறாமலே இருந்திருக்கும். நேரம் குறைவாக இருந்தால் மாறாதவற்றில் செலவிடுங்கள் என்பது என் கட்சி.

பயிற்சிக்கு ஓர் எண்: 281474976710655. மேலே செய்த வரிசையிலேயே செய்யுங்கள். மூன்று மூன்றாக வெட்டி மாற்றிக் கூட்டினால் 728 வர வேண்டும். அதிலிருந்தே இரண்டு காரணிகள் உடனே விழும். பிறகு அண்டை எண்ணைப் பாதியாக்கிப் பாருங்கள், 48 தடவை போகும். வர்க்க வித்தியாசமாக உடைத்தால் ஒருபக்கம் 16777215, மறுபக்கம் 16777217. முதலாவதை மேலும் மேலும் உடைக்கலாம். இரண்டாவது சற்று முரண்டு பிடிக்கும். 257-ஐ முயன்றால் வழிவிடும். வெவ்வேறான ஒன்பது பகா எண்கள் கிடைத்து, அவற்றில் 3 மட்டும் இருமுறை வந்தால் விடை சரி. அதுவும் முடிந்து இன்னும் ஆர்வம் மிச்சமிருந்தால், நம் எண்ணோடு இரண்டைக் கூட்டி 18446744073709551617-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் வரும். லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880-இல் அதை உடைத்தார். சின்னக் காரணி 256 × 1071 + 1 என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 2³²-இலிருந்து தொடங்கி மீதியை வர்க்கப்படுத்திச் சரிபார்ப்பது உங்கள் வேலை.